கெசியாவின் மதிப்பெண் பட்டியல்

சீடர் கேப், மிசௌரி
ஏப்ரல் 9, 2018

அன்புள்ள ஷெல்பிக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து வாரமாகிறது. தாமதமாகப் பதில் எழுதுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று கல்லூரியில் நீ சொல்வாய். அது இன்னும் மாறவில்லை. சின்னவள் ஹேவனின் பியானோ வகுப்பு முடிய நாற்பது நிமிடம் இருக்கிறது. வேனுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் பேசலாமே என்பாய். எங்கள் வீட்டில் ஒரு வாய் பேசினால் பத்துக் காது கேட்கும்.

முதலில் நன்றி. கெசியாவுக்கு உங்கள் கல்லூரியில் நர்சிங் இடம் கிடைத்ததற்கு நீ எழுதிய பரிந்துரைதான் காரணம். கடிதம் வந்த அன்று அவள் ஆட்டுக் கொட்டிலுக்கு ஓடி, ஆடுகளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். ட்ராவிஸ் கிணற்று பம்ப் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்து மகளைத் தூக்கிச் சுற்றினான். பதினெட்டு வயதுப் பெண்ணை!

மே 19, சனிக்கிழமை, சபை மண்டபத்தில் விழா. பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கிற எங்கள் குழுவில் இந்த வருஷம் பதினொரு பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடிக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் கூப்பிட்டதும் தாயும் தகப்பனும் மேடையேறி, பிள்ளையைப் பற்றிச் சில வார்த்தை சொல்லி, தங்கள் கையாலேயே சான்றிதழ் கொடுக்க வேண்டும். எங்களுடையது தபாலில் வந்துவிட்டது. தங்க முத்திரை, ‘டாக்கெட் இல்லப் பள்ளி’ என்ற பெயர், கீழே ‘முதல்வர்’ என்று ஒரு கோடு. முதல்வர், ஆசிரியை, சமையல்காரி, எல்லாம் நானே. ஹேவனைக் கேட்டால் எங்கள் நாய்தான் பள்ளி நர்ஸ்.

அந்தக் கோட்டில் என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை, ஷெல்பி. நான்கு நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

இனி எழுதப்போவதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். உங்கள் கல்லூரிக்கு நான் அனுப்பிய மதிப்பெண் பட்டியலில், பத்தாம் வகுப்பில், ‘வேதியியல், ஆய்வகத்துடன்: ஏ’ என்று ஒரு வரி இருக்கிறது. அது பொய். கெசியா வேதியியல் படிக்கவில்லை. ஒரு பாடம்கூட.

குழந்தை சைலஸ் பிறந்து ஒன்பதாம் நாள் இறந்துபோன வருஷம் அது. அக்டோபரிலிருந்து ஏப்ரல்வரை நான் படுக்கையைவிட்டு எழுந்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம். கெசியாவுக்குப் பதினைந்து வயது. தம்பிகள் ஜோயலையும் டைட்டஸையும் குளிப்பாட்டி, ஹேவனுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்து, பால் கறந்து, பீன்ஸ் வேகவைத்து, என் தலையையும் அவள்தான் வாரிவிட்டாள். மற்றப் பாடங்களை அடுத்த வருஷம் எப்படியோ எட்டிப் பிடித்துவிட்டோம். இது மட்டும் விட்டுப்போயிற்று. சென்ற அக்டோபரில் பட்டியலைத் தட்டச்சு செய்யும்போது அந்த இடம் வெறுமையாக இருந்தது. அதைப் பார்க்கையில் நான் கிடந்த படுக்கையையே பார்ப்பதுபோல இருந்தது. நிரப்பிவிட்டேன்.

அதோடு நிற்கவில்லை. சட்டப்படி வைக்க வேண்டிய பாடநேரப் புத்தகத்திலும் அந்த வருஷத்துப் பக்கங்களை ஒரே மத்தியானத்தில் எழுதினேன். ஒரே நாளில் எழுதியது என்று தெரியக் கூடாதே என்று நீலம், கறுப்பு, ஜோயலின் பச்சைப் பேனா, பென்சில் என மாற்றி மாற்றி எழுதினேன். உட்கார்ந்து, நிதானமாக. ‘பொய்ச்சாட்சி சொல்லாதே’ என்ற ஒன்பதாம் கட்டளையை நான்கு பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்வித்த அதே மேசையில்.

கெசியா அப்போது கேட்டாள்: “அம்மா, நர்சிங்குக்கு கெமிஸ்ட்ரி வேணும்னு போட்டிருக்கே? நாம பண்ணவே இல்லையே?”

“அதெல்லாம் விசாரிச்சுட்டேன், பரவாயில்லன்னுட்டாங்க” என்றேன். நான் ஒருவரையும் விசாரிக்கவில்லை. பட்டியலை முதல்வரே உறையிலிட்டு ஒட்டி அனுப்புவதுதான் முறை. அவள் அதைப் பார்த்ததே இல்லை.

ஆகஸ்டில் வகுப்பு தொடங்குகிறது. முதல் வாரமே அவள் திருதிருவென்று விழிப்பாள். அதற்கும் மேலே ஒரு பயம் இருக்கிறது. ஒரு நாள் அவள் மருந்தை அளந்து ஊசியில் ஏற்றுவாள். கட்டிலில் யாரோ பெற்ற பிள்ளை கிடக்கும். இந்தக் காட்சி வாணலி முன்னால் நிற்கிறவளுக்குக் கண்முன் பொரிகிற எண்ணெய் மாதிரி, எந்த நேரம் மேலே தெறிக்கும் என்று தெரியாமல் வந்துகொண்டே இருக்கிறது.

ட்ராவிஸுக்குத் தெரியாது. கர்த்தருக்குத் தெரியும்; அவரோடு முகம்கொடுத்துப் பேசி இரண்டு வாரமாகிறது. நான் என்ன செய்யட்டும்? கோடையில் ரகசியமாக நானே சொல்லிக்கொடுத்துவிடவா?

படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு.

உன் தோழி,
ஜனெல்


ஸ்பிரிங்ஃபீல்ட்
ஏப்ரல் 14

ஜனெல்,

‘அன்புள்ள’ போடலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். அடுத்த கடிதத்தில் பார்க்கலாம். உன் கடிதத்தை அடுப்பிலும் போடவில்லை. என்னுடையது கரண்ட் அடுப்பு. அது எரியாது, நாறும்.

பதினொரு வருஷமாக இந்தக் கட்டடத்தில் நர்சிங் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பிள்ளையைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னால் இங்கே மறுபேச்சு இருக்காது. ‘இந்தப் பெண்ணின் அடித்தளம் உறுதியானது’ என்று எழுதி என் பெயரைப் போட்டேன். உன் பட்டியலை நம்பி.

“ஷெல்பி, இவளுக்குக் கெமிஸ்ட்ரி இல்லையேடி” என்று அக்டோபரில் ஒரு வரி எழுதியிருந்தால், “கோடை வகுப்பு ஒண்ணுல சேத்து விடு, எட்டு வாரம்” என்று பதில் போட்டிருப்பேன். அவ்வளவுதான்! எட்டு வாரத்தில் தீர்கிற காரியத்துக்கு நான்கு பேனா தேடியிருக்கிறாய்.

ரகசியமாக நீ சொல்லிக்கொடுக்கப் போகிறாயா? முதல் வருஷ லேப்பில் புருவத்தைப் பொசுக்கிக்கொண்டு, ஒரு மாதம் பென்சிலால் வரைந்துகொண்டு திரிந்தது யார், நானா?

வார்டில் ஒன்றும் தெரியாத பெண்ணைப் பார்த்து எனக்குப் பயம் வந்ததில்லை. அவள் கேட்பாள். தெரியும் என்று தாளில் இருந்து தலையில் இல்லாதவளைப் பார்த்துத்தான் பயம். கெசியாவை நீ அப்படி ஒருத்தியாக ஆக்கி வைத்திருக்கிறாய், அவளுக்கே தெரியாமல்.

முதலில் அவளிடம் சொல். பிறகு கல்லூரிக்கு. மே 11 வரை பொறுப்பேன். அதற்குமேல் என் பரிந்துரையை நானே திரும்பக் கேட்பேன். ஏன் என்றும் சொல்வேன்.

ஷெல்பி


சீடர் கேப்
ஏப்ரல் 23

அன்புள்ள ஷெல்பிக்கு,

நீ போடாவிட்டாலும் நான் ‘அன்புள்ள’ போடுகிறேன்.

தபால் வண்டிச் சத்தம் கேட்டால் நான் வாசல் பக்கமே போவதில்லை. உன் உறையைக் கெசியாதான் எடுத்துவந்தாள். “ஷெல்பி அத்தை என்னம்மா எழுதிருக்காங்க?” என்றாள். “விழாவுக்கு வர்றாளாம்” என்றேன். பார், இன்னொன்று. ஒரு பொய் தனியாக இருக்கப் பயந்து குடும்பத்தையே கூட்டி வருகிறது.

இரண்டு முறை சொல்லப் போனேன். முதல் முறை கொட்டிலில். அவள் ஒரு குட்டியின் வாயில் புட்டியை வைத்துக்கொண்டு, “அம்மா, நான் நர்ஸானதும் மொத ஊசி உங்களுக்குத்தான்” என்று சிரித்தாள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டாவது முறை அவள் விழா உடைக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தாள், வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு. வாயில் ஊசியிருக்கும்போது அதிர்ச்சி கொடுக்கக் கூடாதல்லவா? அதைக்கூடச் சாக்காக்கிக்கொண்டேன். நாட்காட்டியில் மே 11 கண்ணில் படக் கூடாதென்று பல் டாக்டர் சீட்டை அதன்மேல் ஒட்டி வைத்திருக்கிறேன்.

விழா முடியட்டுமே, ஷெல்பி. உன் தேதியைத் தாண்டி ஒரு வாரம்தான். அழைப்பு போய்விட்டது. ட்ராவிஸின் பெற்றோர் அர்க்கன்சாவிலிருந்து வருகிறார்கள். எங்கள் குழுத் தலைவி மார்லா போன வாரம் எல்லாத் தாய்மாரையும் உட்காரவைத்துச் சொன்னாள்: “நம்ம பிள்ளைங்கள்ல ஒண்ணே ஒண்ணு வழுக்கி விழட்டும், ‘பாத்தியா, வீட்டுல வச்சுப் படிப்பிச்ச லட்சணத்தை’ன்னு அத்தனை பேரையும் சேத்துத்தான் பேசுவாங்க.” எல்லோரும் தலையாட்டினோம். நான்தான் அதிகமாக ஆட்டினேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், கோபித்துக்கொள். சைலஸ் போனபோது நீ பூ அனுப்பினாய். நீ வரவில்லை. இரண்டு மணி நேரப் பயணம். ஒரு நாள் வந்து எங்கள் சமையலறையில் நின்றிருந்தால் கெசியா என்ன செய்துகொண்டிருந்தாள் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

ஜனெல்


ஸ்பிரிங்ஃபீல்ட்
ஏப்ரல் 27

அன்புள்ள ஜனெல்,

நான் வந்திருக்க வேண்டும். வேலை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் உன்னை அந்த நிலையில் பார்க்கப் பயந்தேன். தினமும் வார்டில் நிற்கிறவளுக்கு உன் கதவுக்கு வர நெஞ்சு இல்லாமல் போயிற்று. அதற்கு என்னை எப்போது வேண்டுமானாலும் திட்டு.

ஆனால் தேதி மாறாது. உன் பொய்க்கு என் குற்றத்தைச் சாக்காகத் தரமாட்டேன். விழாவுக்குப் பிறகு சொன்னால், இருநூறு பேர் கைதட்டியது எதற்கு என்று அவள் வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

சொல்லிவிடு, ஜனெல். வாயில் ஊசி இல்லாத நேரமாகப் பார்த்து.

ஷெல்பி


சீடர் கேப்
மே 5

அன்புள்ள ஷெல்பிக்கு,

சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை, ட்ராவிஸ் வேலைக்குக் கிளம்பும் முன் அவனையும் உட்காரச் சொன்னேன். சின்னவர்களைக் கொட்டிலுக்கு அனுப்பினேன். பட்டியலின் நகலையும் பாடநேரப் புத்தகத்தையும் மேசையில் வைத்தேன். அந்த வரியில் விரலை வைத்தேன்.

கெசியா வாசித்தாள். முதலில் சிரித்தாள். “அம்மா, இது தப்பா அடிச்சிருக்கு. நாம பண்ணலையே.”

“தப்பா அடிக்கல. தெரிஞ்சுதான் அடிச்சேன்.”

அவள் புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். நீலம். கறுப்பு. பச்சை. “நவம்பர் பதினேழு, அமிலங்கள், ரெண்டு மணி நேரம்” என்று சத்தமாக வாசித்தாள். “நவம்பர் பதினேழு ஹேவனுக்குக் காய்ச்சல். நான் ராத்திரி பகலா அவளை மடியிலயே வச்சிருந்தேன். அது எங்கம்மா?”

அந்தப் பக்கத்தை மூடப் போனேன், அவள் விடவில்லை.

“பரவாயில்லன்னுட்டாங்கன்னு சொன்னீங்களே, யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல.”

“அப்போ அவங்க என்னைச் சேத்துக்கல. நீங்க எழுதின யாரோ ஒரு பொண்ணைச் சேத்திருக்காங்க” என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. எழுந்து நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளிவிட்டு வெளியே போனாள்.

ட்ராவிஸ் குழாயைத் திறந்து நெடுநேரம் கை கழுவினான். கையில் ஒன்றுமே இல்லை. “நீ அந்த வருஷம் படுத்துக் கிடந்தது ஊருக்கே தெரியும் ஜனெல். சபையில நமக்கு எத்தனை பேரு சாப்பாடு கொண்டுவந்தாங்க? இதுல மறைக்க என்னம்மா இருந்துச்சு?” என்றான். பிறகு, “எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்” என்றான்.

இரண்டு நாளாகக் கெசியா எனக்கு ‘சரிம்மா’, ‘இல்லம்மா’ இரண்டையும் தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலைகளையெல்லாம் செய்கிறாள். என் தட்டையும் கழுவுகிறாள். அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. நான் படுத்துக் கிடந்த வருஷத்திலும் இப்படித்தான் இருந்தாள். அன்று அதை நல்ல சுபாவம் என்று நினைத்தேன்.

கல்லூரிக்கு நான் எழுதுகிறேன் என்றேன். “நீங்க எழுத வேணாம். நீங்க எழுதினது போதும். நான் போன் பண்ணிக்கிறேன்” என்றாள்.

திங்கட்கிழமை பேசப் போகிறாள். இடத்தை ரத்து செய்துவிடுவார்களா? உன்னைக் கேட்கவும் எனக்கு யோக்கியதை இல்லை. கேட்கிறேன்.

ஜனெல்


ஸ்பிரிங்ஃபீல்ட்
மே 9

அன்புள்ள ஜனெல்,

கெசியா போன் செய்தாள். அவள் பேசிய பிறகு நானும் போய் என் பங்கைச் சொன்னேன். சேர்க்கை அலுவலகத்து அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “பதினெட்டு வயசுப் பொண்ணு இப்படிப் பேசி நான் கேட்டதில்ல” என்றாள். ஆனாலும் விதி விதிதான். இந்த ஆகஸ்ட் இல்லை. கோடையில் வேதியியல் தேறினால் ஜனவரியில் இடம். உதவித்தொகை போயிற்று. என் பரிந்துரையை எடுத்துவிட்டார்கள். ஜனவரிக்கு வேறு யாராவது எழுத வேண்டும். இனிமேல் என் வார்த்தையை இங்கே ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பார்கள். அது நான் தாங்க வேண்டியது.

என் வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது. இங்கிருந்து கோடை வகுப்புக்கு நடந்தே போகலாம். ஜூன் 4 தொடக்கம். அவளிடமே கேட்டுவிட்டேன். வருகிறேன் என்றாள். உன்னிடம் முதலில் கேட்காதது தவறென்றால் தவறுதான்.

ஷெல்பி


சீடர் கேப்
மே 22

அன்புள்ள ஷெல்பிக்கு,

விழா நடந்தது. நீ வராதது நல்லது. வந்திருந்தால் உன் முகத்தைப் பார்த்ததுமே நான் மேடையேறாமல் உட்கார்ந்திருப்பேன்.

வெள்ளிக்கிழமைவரை அவள் மேடையேறுவாளா என்றே தெரியாது. அன்று மத்தியானம் பட்டியலை எடுத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். “இதைத் திருத்துவோம். அந்த இடத்தைச் சும்மா விடாதீங்க. என்ன நடந்துச்சோ அதைப் போடுங்க” என்றாள். நான் தட்டச்சு செய்ய, அவள் சொன்னாள்: ‘வேதியியல்: கற்பிக்கப்படவில்லை.’ அதன் கீழே, ‘குழந்தை வளர்ப்பு, வீட்டு நிர்வாகம்’ என்று சேர்க்கட்டுமா, அது உண்மைதானே என்றேன். “வேணாம்மா. அதுக்கு நீங்க மார்க் போட வேணாம்” என்றாள். பிறகுதான் சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணலாக வந்தது.

“நாளைக்கு மேடையில நான் என்ன சொல்லட்டும்?” என்று கேட்டேன். “சொல்லுங்க, சொல்லாம இருங்க, உங்க இஷ்டம். இல்லாததை மட்டும் சொல்லாதீங்க.”

பன்றிக்கறி ரொட்டி, எலுமிச்சைச் சாறு, மூன்று அடுக்கு கேக், பதினொரு மேசைகளில் பதினொரு பிள்ளைகளின் படங்களும் பரிசுகளும். எங்கள் மேசையில் அவள் தைத்த போர்வை, ஆட்டுக் கண்காட்சி ரிப்பன்கள். டைட்டஸ் வருகிறவர்களிடமெல்லாம், “தொடாதீங்க, பாக்க மட்டும்” என்று அதட்டிக்கொண்டிருந்தான். எனக்கு மண்டபமே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல இருந்தது. எங்களுக்கு முன் ஒரு தாய் தன் மகனைப் பற்றி ஆறு நிமிடம் பேசினாள். முடியவே கூடாது என்று ஜெபித்தேன்.

எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். ட்ராவிஸ் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். இவ்வளவுதான் சொன்னேன்: “கெசியாவுக்குப் பத்தாம் வகுப்பில் நான் பாடம் சொல்லிக்கொடுக்கவில்லை. என்னால் முடியவில்லை. அந்த வருஷம் அவள் எங்களைப் பார்த்துக்கொண்டாள். நான் அதை மறைத்து, படித்ததாகக் கல்லூரிக்கு எழுதினேன். அவள் அதைத் திருத்திவிட்டாள். அதனால் இந்த இலையுதிர் காலத்தில் அவள் கல்லூரிக்குப் போகவில்லை. குற்றம் என்னுடையது.”

எங்கோ ஒரு குழந்தை இருமியது. பிறகு ட்ராவிஸின் அப்பா எழுந்து நின்று கைதட்டினார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. அவரைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள்.

கெசியா சான்றிதழை வாங்கினாள். அப்பாவைக் கட்டிக்கொண்டாள். என் பக்கம் திரும்பி, கையை நீட்டினாள். ஒரு பள்ளி முதல்வரிடம் மாணவி கைகுலுக்குவதைப்போல மரியாதையாகக் குலுக்கினாள். அவள் கை ஐஸாக இருந்தது. அவளுக்கும் பயம்தான் போலிருக்கிறது. அதுவரை அது எனக்குத் தோன்றவே இல்லை.

மார்லா கிளம்பும்போது, “இதை நம்ம ஆளுங்களுக்குள்ள வச்சிருக்கலாம் ஜனெல்” என்று சொல்லிவிட்டுத் தன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள். கழிவறையில் ஒரு தாய் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். பெயர் எழுதவில்லை. “எங்க பையனோட ஸ்பானிஷ்…” என்றாள். “ரெண்டு வருஷம்னு போட்டிருக்கேன். வணக்கம் சொல்ற ‘ஓலா’வைத் தவிர அவனுக்கு ஒரு எழவும் தெரியாதுடி.” இரண்டு பேரும் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதோம். கொஞ்சம் சிரிக்கவும் செய்தோம்.

ஞாயிறு மத்தியானம், ஜூன் 3, அவளைக் கொண்டுவந்து விடுகிறோம். ட்ராவிஸ் ஓட்டுவான். நானும் வரட்டுமா என்று அவளிடம் கேட்க வேண்டும். இன்னும் கேட்கவில்லை.

ஜனெல்


சீடர் கேப்
ஜூலை 2

அன்புள்ள ஷெல்பிக்கு,

இந்த முறை தாமதமில்லை, பார்த்தாயா. உனக்கு எழுதுவது இப்போது வேறு மாதிரி ஆகிவிட்டது. முன்பு என் பயத்தை உனக்கு அனுப்பினேன். இப்போது அது உன் வீட்டு மாடியறையில் தூங்குகிறது.

காலையில் அவளுக்கு முட்டை கொடுக்காதே. குமட்டும். மரியாதைக்காகச் சாப்பிட்டுவிடுவாள், சொல்லமாட்டாள்.

அவள் போய் நான்கு வாரமாகிறது. ஹேவனுக்கு மூன்று கடிதம், பையன்களுக்கு ஒன்று, அப்பாவுக்குப் போன். எனக்கு ஒன்றும் வரவில்லை. என்னிடம் பேசச் சொல் என்று எழுத வந்தேன். வேண்டாம். சொல்லாதே.

இன்று என் பெயருக்கு ஓர் உறை வந்தது. அவள் கையெழுத்து. தபால் பெட்டியருகே வெயிலில் நின்றுகொண்டு, பிரிக்கத் தைரியமில்லாமல் எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. இனி வீட்டுக்கு வரமாட்டேன் என்று எழுதியிருப்பாள் என்றே நினைத்தேன். உள்ளே கடிதம் இல்லை. ஒரு வரிகூட இல்லை. வேதியியல் தேர்வுத் தாள் மட்டும், நான்காக மடித்து. முழுப் பெயர், கெசியா ரூத் டாக்கெட். பதினான்கு கேள்விகள். மேலே சிவப்பு மையில், எனக்குத் தெரியாத யாரோ ஒருவர் போட்ட எண்: 74.

சமையலறை மேசையில் வைத்து ஒவ்வொரு விடையையும் வாசித்தேன். பாதி எனக்குப் புரியவில்லை. ஆறாவது கேள்வியில் அவள் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, ஓரத்தில் சின்னதாக ‘நிச்சயமில்லை’ என்று குறித்திருக்கிறாள். அதற்கு அரை மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லை எத்தனை முறை வாசித்தேன் என்று சொன்னால் நீ என்னைக் கிண்டல் செய்வாய்.

ஜோயல் எட்டிப் பார்த்து, “எழுபத்தி நாலா? அக்காவுக்கா?” என்றான். “ஆமாடா, அக்காவோடது” என்றேன்.

நான் திருத்தியிருந்தால் தொண்ணூற்றைந்து போட்டிருப்பேன், ஷெல்பி.

ஜனெல்